வைரஸ் காய்ச்சலில் பிளேட்லெட் கவுன்ட் டெஸ்ட்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சிபிசி என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த ரத்தப் பரிசோதனையில் வரும் பிளேட்லெட் கவுன்ட், எதற்காக உருவானதோ அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், இருக்கின்றன என்று கேட்டால் சொல்லும், சீக்கிரம் சொல்லும், அதற்குக் கொஞ்சம் ரத்தம் போதும். ஆனால் வைரஸ் காய்ச்சல் வந்த வீட்டில் நாம் அந்த எண்ணிடம் கேட்பதெல்லாம் வேறு. ஆள் தேறிவிடுவாரா, ஆபத்து நெருங்குகிறதா, பிளேட்லெட் ஏற்ற வேண்டியிருக்குமா? இதற்கெல்லாம் அந்த எண்ணால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. மெஷினின் குறை அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் தட்டணுவும் வைரஸும் உடம்புக்குள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது. அதனால் இந்த மதிப்புரையில் பாதி டெஸ்ட்டைப் பற்றியும் பாதி தட்டணுவைப் பற்றியும் இருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தபோது தினமும் இந்த ரிப்போர்ட்டை வாங்கி, முந்தைய நாள் தாளோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். அப்போது ஆரம்பித்த வாசிப்பு இன்னும் நிற்கவில்லை.

சரி, டெஸ்ட் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ரத்தத்தை எடுத்து ஊதா மூடி போட்ட சின்ன டியூபில் விடுகிறார்கள். அதில் ஈடிடிஏ என்ற பொருள் இருக்கும், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் பார்த்துக்கொள்ளும். எடுத்த கையோடு டியூபை மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கவனித்துப் பாருங்கள், ஒரு லேபின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். டியூபை அப்படியே ஸ்டாண்டில் சொருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால், அடியில் மெல்லிய உறைகட்டி உண்டாகி அதிலேயே தட்டணுக்கள் நிறைய மாட்டிக்கொள்ளும், ரிப்போர்ட்டில் எண் குறைவாக வரும், நாம் வீட்டில் தூங்காமல் கிடப்போம்.

பெரும்பாலான மெஷின்கள் செல்களை அளவை வைத்துத்தான் பிரிக்கின்றன. நீர்த்த ரத்தத்தை மிகச் சிறிய துளை வழியே அனுப்புவார்கள், ஒவ்வொரு செல்லும் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும், எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்து அது எவ்வளவு பெரியது என்று மெஷின் கணக்கிடும். சின்னதாக இருந்தால் தட்டணு, பெரிதாக இருந்தால் சிவப்பணு. தட்டணு இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அகலம்தான், உட்கருவும் கிடையாது. பெரும்பாலும் இந்தப் பிரிப்பு சரியாகவே இருக்கிறது. ஆனால் சிவப்பணுக்கள் உடைந்து துண்டுகளாகச் சுற்றினால் அந்தத் துண்டுகளும் தட்டணு என்று எண்ணப்படும். தட்டணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அவை சிவப்பணுக் கணக்கில் போய்விடும். இரண்டாவது விஷயம் வைரஸ் காய்ச்சலில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளியே வரும் இளம் தட்டணுக்கள் பெரிதாகத்தான் இருக்கும். ஒளியையும் சாயத்தையும் பயன்படுத்தி எண்ணும் மெஷின்கள் இதில் இன்னும் நம்பகமானவை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவர் அளவில், சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் டியூபுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடம்புக்குள் எந்தக் குறையும் இருக்காது, எண் மட்டும் பயமுறுத்தும் அளவுக்குக் கீழே இருக்கும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தக் கட்டிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீல மூடி போட்ட சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொண்டால் பெரும்பாலும் உண்மை நிலவரம் கிடைத்துவிடும். எங்களுக்கு ஒரு லேபில் இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட் தந்தார்கள். கட்டி இருக்கலாம் என்று மெஷினே எச்சரித்திருந்தது, அந்த வரி தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, ஆனால் யாரும் தகட்டைப் பார்த்திருக்கவில்லை, எண்ணை மட்டும் தடித்த சிவப்பில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் புதிதாக ரத்தம் எடுத்தபோது எண் எவ்வளவோ மேலே இருந்தது. இந்த டெஸ்ட்டில் எனக்கு உள்ள பெரிய கோபம் இதுதான். மெஷின் சந்தேகம் எழுப்பிய பிறகு ஒரு மனிதர் ஐந்து நிமிடம் தகட்டைப் பார்ப்பது கூடுதல் சேவை இல்லை, டெஸ்ட்டின் ஒரு பகுதி அது.

எண் ரொம்பக் கீழே போகும்போது துல்லியமும் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேற்று 18,000, இன்று 22,000 என்றால் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். அந்த வித்தியாசம் மெஷினின் சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். ஒரே டியூபை இரண்டு முறை ஓட்டினால்கூட இரண்டு எண் வரலாம். ஒரே நாளில் காலையும் மாலையும் வெவ்வேறு லேபில் எடுத்து ஒப்பிடுவது இதனால்தான் வீண். எடுத்தால் ஒரே லேபில், ஒரே மெஷினில் எடுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

மெஷின் சரியாகவே எண்ணிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண் எதைச் சொல்கிறது? ஆரோக்கியமான ஒருவருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை. மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய செல்கள் உதிர்த்துவிடும் துணுக்குகள்தான் தட்டணுக்கள். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி உருவாகின்றன, ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வாழ்கிறது, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கிறது. ஆக ரிப்போர்ட்டில் வரும் எண் என்பது உற்பத்தி, அழிவு, மண்ணீரல் இருப்பு மூன்றும் சேர்ந்து அந்த நேரத்தில் ரத்தத்தில் மிச்சம் வைத்திருப்பது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போலத்தான், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரியும், உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று தெரியாது.

உள்ளே அவை செய்வதுதான் எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆச்சரியம். தட்டணு என்றால் காயம் பட்ட இடத்தில் ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது என்றுதான் பள்ளியில் படித்தோம். 1882-ல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிட்சோட்ஸெரோ தட்டணுக்களைத் தனி வகை என்று அடையாளம் கண்டு, ரத்தம் உறைவதில் அவற்றின் பங்கைச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஒரு வேலையோடு அவற்றைச் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். 1959-லேயே மனிதத் தட்டணுக்களோடு இன்ஃபுளுவென்ஸா வைரஸைக் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், வைரஸ் தட்டணுவுக்குள் போய்விடுவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பாத்திரத்தில் வைத்துச் செய்த சோதனைதான். ஆனாலும் உட்கரு இல்லாத ஒரு துணுக்கு வைரஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது அப்போதே கண்ணால் பார்த்த விஷயம்.

எப்படி இழுக்கிறது? தட்டணுவின் மேற்பரப்பில் பலவகை ஏற்பிகள், அதாவது வெளிப்பொருள்கள் வந்து ஒட்டும் புரதங்கள், இருக்கின்றன. அவற்றில் பல ரத்தம் உறைவதற்கென்றே அமைந்தவை, வைரஸ்கள் அவற்றையே பிடித்துக்கொள்கின்றன. ஹன்டாவைரஸ் பிடிப்பது, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் வந்து ஒட்ட வேண்டிய இன்டெக்ரின் வகை ஏற்பியை. ரோட்டாவைரஸ் பிடிப்பது கொலாஜனுக்கான இன்டெக்ரினை. டெங்குவும் எச்ஐவியும் டிசி-சைன், கிளெக்-2 என்ற ஏற்பிகளோடு ஒட்டுகின்றன. வைரஸ் உள்ளே போன பிறகு அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை அடையாளம் காணும் டிஎல்ஆர்-7 என்ற உணரியும் தட்டணுவுக்குள்ளேயே இருக்கிறது. அது நோயெதிர்ப்பு செல்களில் இருக்கும் அதே உணரி. அதாவது தட்டணு தன் போக்கில் சும்மா மிதந்து போகும் பொருள் இல்லை, வந்திருப்பது வைரஸ் என்று அதற்குத் தெரிகிறது.

தெரிந்ததும் அது சும்மா இருப்பதில்லை. தட்டணுவுக்குள் நுண்பைகள் இருக்கின்றன, அவற்றில் புரதங்களும் சின்னச் சின்ன வேதிப்பொருள்களும் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். தூண்டப்பட்டதும் அவற்றை வெளியே கொட்டும். பி-செலக்டின் என்ற புரதத்தை மேற்பரப்பில் நீட்டி நியூட்ரோஃபில், மோனோசைட் போன்ற வெள்ளையணுக்களோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஃபுளுவென்ஸாவில் நடப்பதை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. வைரஸை விழுங்கிய தட்டணு டிஎல்ஆர்-7 வழியாகத் தூண்டப்பட்டு சி3 என்ற, கிருமி எதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் வகைப் புரதத்தை வெளியிடுகிறது, அதைப் பெற்ற நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசுகிறது. அந்த வலையில் கிருமி சிக்கலாம், நல்லதுதான். ஆனால் அதே வலை ரத்தக்குழாய்க்குள் உறைகட்டி உண்டாகவும் துணைபோகும். இந்த இரட்டை முகம் தட்டணு விஷயத்தில் எங்கே பார்த்தாலும் வருகிறது.

நுண்பைகளிலிருந்து வெளிவரும் பிஎஃப்-4 என்ற புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் அது எச்ஐவி செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. டெங்குவிலோ, அதே புரதம் மோனோசைட்டுகள் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் தடுப்புப் புரதத்தால் காட்டும் எதிர்ப்பை அடக்கி வைரஸ் பெருகுவதற்கு உதவி செய்கிறது என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரே தட்டணு, ஒரே புரதம், எதிரெதிர் விளைவு. அடுத்த முறை யாராவது தட்டணுவைக் கூட்டினால் எதிர்ப்புச் சக்தி கூடிவிடும் என்று மொத்தமாகச் சொன்னால், எந்த வைரஸுக்கு என்று கேளுங்கள்.

இவ்வளவும் வெறும் துணுக்கு செய்கிற வேலை. தாய்ச்செல்லான மெகாகேரியோசைட்டும் இதில் சேர்ந்துகொள்கிறது. டெங்குவும் இன்ஃபுளுவென்ஸாவும் வந்தவர்களிடம் பார்த்தபோது, ஐஎஃப்ஐடிஎம்-3 என்ற வைரஸ் தடுப்புப் புரதம் தட்டணுக்களில் கூடியிருந்தது, மெகாகேரியோசைட்டுகள் இன்டர்ஃபெரானைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் காக்கின்றன என்பதும் ஆய்வகத்தில் தெரிந்தது. உள்ளே போன வைரஸ் எல்லாம் அழிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. டெங்குவின் மரபணுவைத் தட்டணு தனக்குள்ளேயே நகலெடுத்து வைரஸ் புரதத்தையும் தயாரித்துவிடும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். எச்ஐவிக்கு மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கட்டுப்பட்டிருக்கும் சிலரிடம், தொற்றும் திறன் குறையாத வைரஸைத் தட்டணுக்கள் தாங்கியிருந்ததை 2020-ல் கண்டார்கள், எச்ஐவி தாக்கும் நோயெதிர்ப்பு செல்களான சிடி-4 செல்கள் அவர்களிடம் சரியாக மீளாததோடு அதற்குத் தொடர்பு இருந்தது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். வைரஸ் காய்ச்சலில் எண் ஏன் விழுகிறது? ஒரு காரணம் மட்டும் இருந்திருந்தால் இந்த டெஸ்ட் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும். டெங்குவில் முதல் நாள்களில் மஜ்ஜையே மந்தமாகிறது, உற்பத்தி குறைகிறது. அப்புறம் ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் வைரஸாலும், அது வெளியிடும் என்எஸ்-1 புரதத்தாலும் தூண்டப்பட்டுச் சீக்கிரமே செத்துப்போகின்றன. வெள்ளையணுக்களோடு ஒட்டிக்கொண்டவை ரத்த ஓட்டத்திலிருந்து அகற்றப்படுகின்றன. என்எஸ்-1-க்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் சில தட்டணுவையும் அடையாளம் கண்டு ஒட்டிவிடும். இன்ஃபுளுவென்ஸாவில் இன்னொரு வழி: வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதி தட்டணுவின் மேல் இருக்கும் சையாலிக் அமிலத்தை வெட்டி எடுத்துவிடும், அது போன தட்டணுவைக் கல்லீரல் பழசாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அகற்றிவிடும். ஆனால் கல்லீரல் இப்படி அகற்றும்போதே திரோம்போபொய்ட்டின் என்ற ஹார்மோனையும் கூடுதலாகச் சுரக்கிறது, அது மஜ்ஜைக்குப் போய்ப் புதிய தட்டணுக்களைத் தயாரிக்கச் சொல்கிறது. நீண்டகால ஹெபடைட்டிஸ்-சியில் கதை வேறு. கல்லீரல் கெட்டுப்போய் அந்த ஹார்மோனே குறைந்துவிடும், மண்ணீரலும் வீங்கி அதிகத் தட்டணுக்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சில சமயம் சாதாரண வைரஸ் தொற்று போய்ச் சில வாரம் கழித்து, ஆன்டிபாடிகள் தட்டணுக்களைத் தாக்க ஆரம்பித்து எண் சரிவதும் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே சரியாகிவிடும்.

இத்தனையும் ரிப்போர்ட்டில் ஒரே வரியாக, ஒரே எண்ணாக வந்து நிற்கிறது. 60,000 என்று போட்டிருந்தால் மஜ்ஜை தூங்குகிறதா, கல்லீரல் அகற்றுகிறதா, வெள்ளையணுவோடு ஒட்டிப் போய்விட்டதா என்று அதில் எங்கேயும் இருக்காது. இந்த டெஸ்ட்டை நான் குறை சொல்லும் இடம் இது இல்லை, அது அப்படிச் சொல்வதாக ஒருபோதும் சொன்னதில்லை. அதை அப்படிப் படிக்கும் பழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன்.

டெங்குவில் இந்தப் பழக்கம் உண்மையிலேயே தீங்கு செய்கிறது. எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட் வரியிலேயே இருக்கும், அதே தாளில் நாலு வரி தள்ளி ஹீமாட்டோகிரிட் என்று ஒன்று இருக்கும், ரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது, சில ரிப்போர்ட்டில் பிசிவி என்று போட்டிருப்பார்கள், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து பிளாஸ்மா வெளியேறுவதால் வருகிறது. நீர்ப்பகுதி வெளியே போனால் ரத்தம் கெட்டியாகும், ஹீமாட்டோகிரிட் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்றாக வைத்திருப்பது, பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே ஹீமாட்டோகிரிட் ஏறுவதை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறது. கூடவே கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு. இது பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில் வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரம் அது. இந்த அடையாளங்கள் இருந்தால் எண் என்ன என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எண் இறங்கிவிட்டது, பிளேட்லெட் ஏற்றிவிடலாம் என்பது அடுத்த அவசரம். இதை முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்கு வந்து எண் 20,000 அல்லது அதற்குக் கீழே போன 372 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றினார்கள், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017-ல் முடிவு வெளியானது. ஏற்றிய பிரிவில் 21 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு, ஏற்றாத பிரிவில் 26 சதவீதம், புள்ளியியல் கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. பக்கவிளைவுகள் மட்டும் ஏற்றியவர்களிடம் அதிகம். உண்மையாகவே ரத்தக்கசிவு இருக்கும்போது ஏற்றுவது வேறு, அதை மருத்துவர் முடிவு செய்வார். எண்ணைப் பார்த்துப் பயந்து ஏற்றச் சொல்லி நாமே வற்புறுத்துவது நோயாளிக்கு நல்லதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த முடிவு ஆச்சரியமாகவும் இருக்காது. பழைய தட்டணுக்களைச் சாகடித்த அதே சூழலுக்குள்தான் புதிதாக ஏற்றியவையும் போய்ச் சேர்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலைமையும் இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எண் நன்றாக இருக்கும், ஆபத்தும் இருக்கும். கோவிட் வந்தவர்களில் பலருக்கு எண் சாதாரணமாகவோ கொஞ்சமே குறைந்தோ இருந்தது, ஆனால் தட்டணுக்கள் மிகைத் தூண்டலில் இருந்தன, மோனோசைட்டோடும் நியூட்ரோஃபிலோடும் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் நுண்குழாய்களில் உறைகட்டி உண்டாகத் துணைபோயின. இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது நுரையீரல், இதயம் ஆகியவற்றின் நுண்குழாய்களில்கூட மெகாகேரியோசைட்டுகள் தென்பட்டன. சிபிசி தாளில் இதற்கு ஒரு தடயமும் இருக்காது. இன்ஃபுளுவென்ஸாவிலும் இப்படித்தான்: கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட 6 மடங்காக இருந்தது. இதற்குத் தட்டணு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அழற்சி, காய்ச்சல், இதயத்தின் சுமை எல்லாம் உண்டு. ஆனால் தூண்டப்பட்ட தட்டணுவுக்கு அதில் இடம் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். ஃப்ளூ வந்த ஒரு பெரியவருக்கு நெஞ்சில் அழுத்தம் என்றால், பிளேட்லெட் 2.4 லட்சம் நார்மல் என்ற ரிப்போர்ட்டைக் காட்டி யாரும் சமாதானம் ஆகிவிட வேண்டாம்.

எண் குறைந்தால் ரத்தம் கசியும் என்ற கணக்கையே புரட்டிப்போட்ட நிகழ்வு 2021-ல் வந்தது. அடினோவைரஸை ஊர்தியாகக் கொண்ட கோவிட் தடுப்பூசிகள் போட்டுக்கொண்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு, பிஎஃப்-4-க்கு எதிராக ஆன்டிபாடி உருவானது. அந்த ஆன்டிபாடி தட்டணுக்களைத் தூண்டிவிட, மூளையின் சிரைகளிலும் வயிற்றுச் சிரைகளிலும் உறைகட்டிகள் உண்டாகின. தட்டணுக்கள் அந்தக் கட்டிகளிலேயே செலவாகிப் போனதால் ரிப்போர்ட்டில் எண் குறைந்தது. எண் குறைவு, பிரச்சினை உறைதல்! அங்கே பிளேட்லெட் ஏற்றுவது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடலாம் என்பதால் கூடியமட்டும் தவிர்த்தார்கள். அதே சமயம் இந்த டெஸ்ட்டுக்குப் பெருமை சேர்ப்பதும் இதுதான். தடுப்பூசிக்குப் பிறகு விடாத தலைவலியோடு வந்தவர்களிடம், சாதாரண சிபிசியில் தெரிந்த அந்தக் குறைவுதான் மருத்துவர்களை பிஎஃப்-4 ஆன்டிபாடியைத் தேடிப் பார்க்கத் தூண்டியது. எங்கே என்ன தேட வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு இந்த எண் பெரிய உதவி.

அதனால் டெஸ்ட்டுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். அதை ரிப்போர்ட்டாக நம் கையில் தரும் விதத்துக்கு 2-க்கு மேல் மனசு வரவில்லை. சிவப்பு எழுத்து, கீழ்நோக்கிய அம்புக்குறி, மொபைலில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். ஹீமாட்டோகிரிட்டையும் பிளேட்லெட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முந்தைய நாள்களின் எண்ணோடு காட்டினால் என்ன? தகட்டைப் பார்த்தோம், கட்டி இல்லை என்று ஒரு வரி எழுதினால் என்ன? இவை எதற்கும் புது மெஷின் தேவையில்லை.

புது மெஷின் இருந்தால் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. ஐபிஎஃப் என்று சொல்வார்கள், இருக்கும் தட்டணுக்களில் எத்தனை சதவீதம் மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வந்த இளசுகள் என்ற கணக்கு. உள்ளே இன்னும் ஆர்என்ஏ மிச்சம் இருப்பதால் இளம் தட்டணுக்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தெரியும். உற்பத்தி நின்றிருக்கிறதா, நடந்தும் அழிகிறதா என்று மொத்த எண் மறைத்துவிடும் விஷயத்தை இது கொஞ்சம் திறந்து காட்டுகிறது, டெங்குவில் எண் ஏறுவதற்கு முன்பே இது ஏற ஆரம்பிப்பது வழக்கம். சில ரிப்போர்ட்டில் எம்பிவி என்று தட்டணுவின் சராசரி அளவு இருக்கும், அதையும் இதேபோல் படிக்கச் சொல்வார்கள், ஆனால் ஈடிடிஏ டியூபில் நேரம் ஆக ஆகத் தட்டணு உருண்டு வீங்குவதால், எடுத்து எத்தனை நேரம் கழித்து ஓட்டினார்கள் என்று தெரியாமல் எம்பிவியை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டு நோயாளிக்கு ஐபிஎஃப் வசதி உள்ள லேபில் எடுத்தபோது, பிளேட்லெட் எண் அசையாமல் கிடந்த நாளிலேயே அது கணிசமாகக் கூடியிருந்தது. மருத்துவர் ஹீமாட்டோகிரிட்டைப் பார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார், கடைசியாக இந்த வரியைக் காட்டி, நாளைக்கு ஏறும், ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை என்றார். மறுநாள் ஏறியது.